சண்டைக்குப் பிறகு: சிறு பிள்ளைகளுக்கு மன்னிப்பும் நட்பும் ஏற்பும் கற்பித்தல்

மொரீசியஸில் ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் கூடும் வீடுகளில் இந்தக் காட்சியைக் காணாதவர் குறைவு. முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளில் ஒன்று அழுதுகொண்டு ஓடிவரும். அருகில் இருக்கும் தாயோ தாந்தீனோ (அத்தை, சித்தி போன்றவர்), தள்ளிவிட்ட பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துவந்து “பார்தோன் சொல்லு”, அதாவது மன்னிப்புக் கேள், என்பார். பிள்ளை தரையைப் பார்த்தபடி அந்தச் சொல்லை முணுமுணுக்கும். பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பாட்டுக்குத் திரும்புவார்கள். ஒரு சொல்லைச் சொன்னால் பிடித்த கை விடும் என்பதை மட்டுமே தள்ளிவிட்ட பிள்ளை இதிலிருந்து கற்கிறது. தள்ளப்பட்ட பிள்ளையிடம் எங்கே வலிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் அந்த நேரத்தில் வேறு என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். எதிரில் இருப்பவருக்கு என்ன நேர்ந்தது என்று கவனித்துப் பார்க்கும் பழக்கமே நட்புக்கும், தன்னைப் போல் இல்லாதவரை ஏற்பதற்கும், மன்னிப்புக் கேட்பதற்கும் பொதுவான அடிப்படை என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பழக்கம் வந்த பிள்ளைக்கு மன்னிப்புச் சொல்லைப் புகட்ட வேண்டியதில்லை. அது வராத பிள்ளைக்கு எத்தனை முறை புகட்டினாலும் அந்தச் சொல் உள்ளே இறங்குவதில்லை.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, தத்தம் விளையாட்டையே விளையாடுவார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் இதை இணைவிளையாட்டு என்று வகைப்படுத்தினார். சேர்ந்து திட்டமிட்டு விளையாடுவது இதற்குப் பிறகு மெல்ல வளர்வது. ஆகவே, மூன்று வயது மகள் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பொம்மையைக் கொடுக்க மறுப்பதைச் சுயநலம் என்று கருத வேண்டாம். நான்கு, ஐந்து வயதில்தான், தனக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதும், தான் நினைப்பதையே அவரும் நினைப்பார் என்று சொல்ல முடியாது என்பதும் பிள்ளைகளுக்கு நிலையாகப் புரியத் தொடங்குகின்றன. அதற்கு முன் “உன்னை அப்படிச் செய்தால் உனக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்டால், பிள்ளை விழிக்கும். அந்த வயதுக்குக் கண்முன் இருப்பதைக் காட்டுவதே பயன் தரும்: “அவன் முகத்தைப் பார். கண்ணில் தண்ணீர் வருகிறது. முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.”

இதே காரணத்தால், நான்கு வயதுப் பிள்ளை “நீ என் கமராத் (நண்பன்) இல்லை” என்று கத்தும்போது பெரியவர்கள் பதறத் தேவையில்லை. இந்த நிமிடம் நீ செய்தது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையே பிள்ளை அப்படிச் சொல்கிறது. தமிழ்நாட்டில் பிள்ளைகள் காலையில் காய் விட்டு மாலையில் பழம் விடுவதைப் போல, இங்குள்ள பிள்ளைகளும் தாமாகவே பிரிந்து தாமாகவே சேர்வார்கள். அடியோ கடியோ இல்லாத சிறு பிணக்குகளில் சற்று நேரம் தள்ளி நின்று பார்ப்பதும் கற்பித்தலின் ஒரு பகுதிதான்.

மன்னிப்பு: சொல்லுக்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் அடிபட்ட பிள்ளையிடம் செல்லுங்கள். நம்மில் பலர் குற்றம் செய்த பிள்ளையை நோக்கியே முதலில் ஓடுகிறோம். அதனால் கூட்டத்தின் கவனம் முழுவதும் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்துவிடுகிறது. அழுகிற பிள்ளையின் அருகில் குனிந்து அமர்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, தண்ணீரோ துணியோ கொடுங்கள். தள்ளிவிட்ட பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒருவருக்கு வலித்தால் என்ன செய்வது என்பதற்கான முதல் பாடத்தை, திட்டு வாங்காமலேயே அது பெறுகிறது.

அடுத்தது, இருவரும் அடங்கும் வரை காத்திருப்பது. கோபத்தில் மூச்சு வாங்கும் பிள்ளையின் காதில் எந்த நியாயமும் ஏறாது. சிலருக்கு இரண்டு நிமிடம் போதும். சிலர் அரைமணி நேரம் அம்மாவின் மடியில் கிடக்க வேண்டியிருக்கும். அடங்கிய பிறகு இருவரையும் தனித்தனியாக “என்ன நடந்தது?” என்று கேளுங்கள். “ஏன் செய்தாய்?” என்ற கேள்வியைத் தவிர்ப்பது நல்லது, ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அதற்கு விடை தெரியாது, தெரிந்தாலும் அந்தக் கேள்வியின் தொனியே அதைப் பொய் சொல்லத் தூண்டிவிடும். நீங்கள் கண்ணால் பார்த்ததைத் தீர்ப்புக் கலக்காமல் சொல்லலாம்: “நீ ஊஞ்சலுக்கு ஓடினாய். அவள் ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருந்தாள். நீ இழுத்தபோது அவள் கீழே விழுந்தாள்.” இதைக் கேட்கும் பிள்ளை, தான் கெட்டவன் என்று கருதாமல், தன் கை செய்த செயலையும் அதன் விளைவையும் இணைத்துப் பார்க்கிறது.

அதன் பிறகே முக்கியமான கேள்வி வருகிறது: “இப்போது எதைச் செய்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும்?” உடைந்த மணல்வீட்டைச் சேர்ந்து கட்டலாம், கிழிந்த படத்தை ஒட்டித் தரலாம், ஊஞ்சலைத் தள்ளிவிடலாம், அல்லது அவளிடமே கேட்டுவரலாம். அமெரிக்காவில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வில், அவர்கள் கட்டிக்கொண்டிருந்த கோபுரத்தை வேறொருவர் தட்டிவிட்டபோது, வெறும் மன்னிப்புச் சொல் அவர்களுடைய வருத்தத்தைக் குறைக்கவில்லை; தட்டிவிட்டவர் திரும்பக் கட்ட உதவியபோதுதான் குறைந்தது. பிள்ளைகளோடு பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது.

சொல் எப்போது வரும் என்றால், சரிசெய்யும் வேலையின் நடுவிலோ முடிவிலோ வரும். அப்போது அதற்கு ஓர் உருவம் கொடுக்கலாம். “மன்னிச்சிடு” என்று மட்டும் சொல்லாமல், எதற்காக என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள்: “நான் இழுத்ததால் நீ விழுந்துவிட்டாய், மன்னிச்சிடு. அடுத்த முறை கேட்டுவிட்டு வருகிறேன்.” தமிழோ கிரியோலோ பிரெஞ்சோ, பிள்ளைக்கு இயல்பாக வரும் மொழியில் சொல்லட்டும். ஒரு மொழியில் அழுத பிள்ளையை இன்னொரு மொழியில் மன்னிப்புக் கேட்கவைப்பது, இதைப் பாடம் ஒப்பிக்கும் வேலையாக்கிவிடும். நாணம் மிகுந்த பிள்ளைகள் வாயால் சொல்லாமல் தங்கள் பங்கு இனிப்பை நீட்டுவார்கள், அல்லது படம் வரைந்து கொண்டுவருவார்கள். அதையும் மன்னிப்பாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடிபட்ட பிள்ளைக்கும் ஓர் உரிமை உண்டு. எதிரில் இருப்பவன் மன்னிப்புக் கேட்டவுடன் “பரவாயில்லை என்று சொல், கட்டிப்பிடித்துக்கொள்” என்று அதை நெருக்காதீர்கள். வலி இன்னும் இருக்கும்போது இல்லை என்று சொல்ல வைப்பது, தன் உணர்வை நம்பாதே என்று கற்பிப்பதற்குச் சமம். “நீ சொன்னதைக் கேட்டேன். இப்போது விளையாட வேண்டாம், பிறகு பார்க்கலாம்” என்று சொல்லும் உரிமையை அதற்குக் கொடுங்கள். கேட்ட பிள்ளைக்கும் இது நல்ல பாடம்: மன்னிப்பைக் கேட்பது தன் கையில் இருக்கிறது, பெறுவது அப்படி இல்லை.

தவறுதலாக நேர்ந்ததையும் வேண்டுமென்றே செய்ததையும் பெரியவர்கள் ஒன்றாக நடத்துவதைப் பிள்ளைகள் கூர்மையாகக் கவனிக்கிறார்கள். ஓடும்போது இடித்துவிட்ட பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். ஆனால் தெரியாமல் இடித்தாலும் நின்று பார்த்துத் தூக்கிவிட வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த இடத்தில் நம் வீடுகளில் புழங்கும் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழந்தை தடுக்கி விழுந்தால், பாட்டி அன்போடு தரையை அடித்து, “இந்தத் தரைதானே என் தங்கத்தை அடித்தது!” என்பார். அழுகை நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் வலித்தால் உடனே வெளியே ஒரு குற்றவாளியைத் தேடி அடிக்க வேண்டும் என்ற பழக்கமும் அதனோடு சேர்ந்து வளர்கிறது. பாட்டியைக் குறைசொல்லாமல், “விழுந்துவிட்டாயா? வலிக்கிறதா? வா, ஊதிவிடுகிறேன்” என்று அதே கொஞ்சலை வேறு சொற்களுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எல்லார் முன்னிலையிலும் காதைப் பிடித்து நிற்கவைப்பது, தோந்தோன்மார் (மாமா, சித்தப்பா போன்றவர்கள்) சிரிக்க நடுக்கூடத்தில் மன்னிப்புக் கேட்கவைப்பது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அவமானப்பட்ட பிள்ளை தன் முகத்தைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருக்கும். அடிபட்டவரைப் பற்றி நினைக்க அதற்கு இடமே இராது. பின்பக்கத்து வராந்தாவுக்கு அழைத்துச் சென்று தாழ்ந்த குரலில் பேசினால் பாதி வேலை முடிந்துவிடும்.

இவை அனைத்தையும்விட வலுவானது, பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது. வேலையிலிருந்து களைத்து வந்து பிள்ளைமேல் தேவையில்லாமல் எரிந்து விழுந்த தந்தை, இரவில் படுக்கையருகே அமர்ந்து, “நான் கத்தியது தவறு. நீ பயந்துவிட்டாய். எனக்கு வேலையில் களைப்பு, ஆனால் அது உன் தவறு இல்லை” என்று சொன்னால் மரியாதை குறையும் என்று நம் சமூகத்தில் பலர் அஞ்சுகிறார்கள். குறையாது. “ஆனால் நீ ஏன் அப்படிச் செய்தாய்?” என்ற வாலை மட்டும் அதோடு ஒட்டாதீர்கள்.

நட்பில் சேரும் வழி

விளையாடிக்கொண்டிருக்கும் கூட்டத்திடம் போய் “நானும் வரலாமா?” என்று கேட்டால், பெரும்பாலும் “வேண்டாம்” என்ற பதில்தான் வரும். விளையாட்டு ஒன்றில் மூழ்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் புதிதாக வருபவர் இடையூறாகத் தோன்றுவது இயல்பு. இதைத் தெரிந்துகொண்டு, தயங்கும் பிள்ளைக்கு வேறு வழியைப் பழக்கலாம். முதலில் சற்றுத் தள்ளி நின்று என்ன விளையாடுகிறார்கள் என்று பார்க்கட்டும். கடை வைத்து விளையாடுகிறார்களா? அப்படியானால் இரண்டு இலைகளைக் காசாக எடுத்துக்கொண்டு “எனக்கு ஒரு தால்பூரி” என்று வாங்கப் போகலாம். ஓடும் விளையாட்டைப் புதிய விதிகளால் மாற்ற முயலாமல், அதற்குள் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளும் பிள்ளையைக் கூட்டம் எளிதில் ஏற்கிறது. இதை வீட்டில் பொம்மைகளை வைத்து முன்கூட்டியே நடித்துப் பார்க்கலாம்.

வீட்டுக்கு விருந்தினர் வரும் நாளில், எந்தப் பொம்மைகளைப் பகிர முடியும், எதை யாருக்கும் தர முடியாது என்று பிள்ளையையே முடிவு செய்யச் சொல்லி, தர முடியாததை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் கொடு என்பதைவிட இது அதிகத் தாராளத்தை வளர்க்கிறது. ஒரே மிதிவண்டிக்கு இருவர் சண்டையிட்டால், “ஐந்து சுற்று நீ, ஐந்து சுற்று அவன்” என்று எண்ணக்கூடிய அளவு வைத்துக்கொள்ளுங்கள். “கொஞ்ச நேரம்” என்பது மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொருளற்றது.

நண்பர்களின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுவது பெற்றோரே. அமைதியான பிள்ளைக்கு ஒரே ஒரு நண்பன் போதும்.

தன்னைப் போல் இல்லாதவரை ஏற்றல்

இந்தத் தீவில் இதைத் தள்ளிப்போட முடியாது. ஐந்து வயதில் முதல் வகுப்பில் சேரும் நம் பிள்ளைகள் ஒரே அறையில் கணக்குப் படிக்கிறார்கள். மொழிப் பாட வேளை வந்ததும் ஒருவர் தமிழுக்கும், ஒருவர் இந்திக்கும், ஒருவர் உருதுவுக்கும், ஒருவர் தெலுங்குக்கும், வேறு சிலர் மராத்திக்கோ மாண்டரினுக்கோ பிரிந்து போகிறார்கள். 2012 முதல் கிரியோலும் இந்த வரிசையில் இருக்கிறது. மொழிகளைக் காக்க இந்த ஏற்பாடு தேவை என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை இதைப் பார்த்து, “நாங்கள்”, “அவர்கள்” என்று தனக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. அன்று மாலை வீட்டில் “உன் நண்பன் இன்று அவன் வகுப்பில் என்ன கற்றான்? ஒன்று முதல் ஐந்து வரை எப்படி எண்ணுகிறார்கள் என்று நாளைக்குக் கேட்டுவா” என்று சொல்லுங்கள். அவனுக்குத் தமிழ் எண்களைக் கற்றுக்கொடுக்கவும் சொல்லுங்கள். பிரிந்து போன இருவருக்கும் திரும்பிச் சந்திக்கும்போது கொடுத்துப் பெற ஒன்று இருக்கும்.

உணவு இன்னொரு பெரிய களம். தைப்பூசக் காவடிக்கு முன் விரதமிருக்கும் நாட்களில் நம் பிள்ளைகள் பள்ளியில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவன் ரொட்டிக்குள் கோழியோ மீனோ வைத்துத் தின்பான். “சீ, அசுத்தம்” என்று நம் பிள்ளை சொன்னால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்குள்ளேயே தேடிப் பாருங்கள். “நாம் இந்த நாட்களில் முருகனுக்காக இதைச் சாப்பிடுவதில்லை, அவர்கள் வீட்டில் சாப்பிடுவார்கள், அவன் தட்டு அவனுடையது” என்ற மூன்று வாக்கியங்கள் போதும். அதேபோல, மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ சாப்பிடாத நண்பர்கள் பிறந்தநாளுக்கு வரும்போது, அவர்களுக்கு எது ஆகும் என்று முன்கூட்டியே கேட்கும் வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள்.

தீபாவளியன்று அக்கம்பக்கத்துக்கு இனிப்புத் தட்டுக் கொடுப்பதும், ஈகைப் பெருநாளில் பிரியாணியும் சீனப் புத்தாண்டில் மெழுகுக் கேக் எனப்படும் பசையரிசி இனிப்பும் நம் வீட்டுக்கு வருவதும் இங்கே பழைய வழக்கங்கள். அந்தத் தட்டைப் பெரியவர்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. தட்டைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அந்த வீட்டுக்காரரின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொடுங்கள். ஏன் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். திரும்பிய பிறகு, அந்தப் பெரியவர் என்ன கேட்டார், வீட்டில் என்ன பார்த்தாய் என்று பேசுங்கள்.

தோல் நிறத்தையும் தலைமயிரையும் பற்றிப் பிள்ளைகள் உரக்கக் கேட்பார்கள். பேருந்தில் “அந்தத் தாந்தீன் ஏன் இவ்வளவு கறுப்பு?” என்று கேட்ட பிள்ளையின் வாயைப் பொத்தினால், நிறம் என்பது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று அது முடிவு செய்துகொள்ளும். “ஆம், அவர் தோல் கருமை. என் தோல் பழுப்பு. எல்லாருக்கும் பெற்றோரிடமிருந்து நிறம் வருகிறது” என்று இயல்பான குரலில் விடை சொல்லுங்கள். எல்லாரும் ஒன்றுதான் என்ற பொதுவாசகத்தைப் பிள்ளைகள் நம்புவதில்லை, ஏனெனில் வேறுபாடுகளை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். நம் குடும்பங்களுக்குள்ளேயே கறுத்த பெண்குழந்தையைப் பார்த்து “நிறம் கொஞ்சம் மட்டு” என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை; அந்தப் பேச்சு நடக்கும் வீட்டில் ஏற்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் பயனில்லை. பெரியவர்கள் சாப்பாட்டு மேசையில் வேறு சமூகத்தாரைப் பற்றிப் பொத்தாம்பொதுவாகப் பேசுவதும் அப்படித்தான். அந்தப் பேச்சைப் பிள்ளைகள் முன் நிறுத்துமாறு உறவினரிடம் மரியாதையுடன் கேட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஏழெட்டு வயதானவர்களுக்கு நாட்டின் கதையையும் சொல்லலாம். பிப்ரவரி 1 அன்று, 1835இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதை நினைவுகூர்கிறோம். நவம்பர் 2 அன்று, 1834இல் தொடங்கிய ஒப்பந்தத் தொழிலாளர் வருகையை நினைவுகூர்கிறோம். தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை, அந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய போர்ட் லூயிஸின் ‘ஆப்ரவாசி காட்’ படித்துறைக்கு அழைத்துச் செல்வது நல்லது. அதே பிள்ளைகளை, தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலையடிவாரத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நண்பனின் முன்னோர் எப்படி இங்கே கொண்டுவரப்பட்டார்கள் என்று தெரிந்த பிள்ளை, அவனைப் பற்றி யாரேனும் இழிவாகப் பேசும்போது எளிதில் சேர்ந்து சிரிக்காது.

உடல்குறை உள்ள பிள்ளையையோ, பேச்சுத் தாமதமுள்ள பிள்ளையையோ சந்திக்கும்போது, “பாவம்” என்ற சொல்லை நீக்கிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு எந்த விளையாட்டுப் பிடிக்கும் என்று கேட்பதில் தொடங்குங்கள்.

சமாதானம் செய்துவைக்கக் கூடாத இடம்

ஒருமுறை நடக்கும் சண்டை வேறு. வலுவான பிள்ளையோ ஒரு கூட்டமோ, ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பக் குறிவைப்பது வேறு. இரண்டாவதில் இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கவைத்தால், தாக்கப்பட்ட பிள்ளைக்கு அது இன்னொரு அடியாகும். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. நடந்ததைத் தேதியோடு எழுதிவைத்து வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் பேசுங்கள். “நிறுத்து, எனக்கு இது பிடிக்கவில்லை” என்று உரத்த குரலில் சொல்லவும், அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் பெரியவரிடம் ஓடிவரவும் பிள்ளையைப் பழக்குங்கள். உதவி கேட்டு வருவதைக் கோள்மூட்டல் என்று ஒருபோதும் திட்டாதீர்கள். துன்புறுத்தும் பிள்ளை உங்களுடையது என்று தெரியவந்தால், மறுப்பதில் நேரம் போக்காமல், வீட்டில் யார் அதனிடம் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதிலிருந்து விசாரிக்கத் தொடங்குங்கள்.

ஐந்து, ஆறு வயதிலும் ஒரு பிள்ளை மற்றவர் முகத்தையே பார்க்காமல், எந்த விளையாட்டிலும் சேராமல், கூப்பிட்டால் திரும்பாமல் மாதக்கணக்கில் இருந்தால், ஒழுக்கம் கற்பிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். அடிக்கடி சளிப்பிடித்துக் காதில் நீர் கோத்த பிள்ளைக்குப் பாதிப் பேச்சு கேட்பதில்லை. விளையாட்டின் விதி கேட்காமல் முறை தவறி ஓடிவிட்டு, முரடன் என்ற பெயரை அது சுமந்துகொண்டிருக்கக்கூடும்.